கிஜெல் நீலப் பீங்கான்: டீ பாட்டைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

மாஸ்கோவின் சுற்றுலாக் கடைகளில் வெள்ளையில் நீலப்பூ போட்ட சாமான் எதைக் கேட்டாலும் "கிஜெல்" என்றுதான் சொல்வார்கள். கிஜெல் என்பது ஊர்ப்பெயர். சரியாகச் சொன்னால் துரிகினோ, ரேச்சித்ஸி, பக்தேயெவோ, நோவோ-ஹரித்தோனொவோ என்று பக்கம்பக்கமாகக் கிடக்கும் குயவர் கிராமங்களின் வட்டாரம். மாஸ்கோவிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 60 கி.மீ. மாஸ்கோவில் உள்ள கசான் ஸ்டேஷனிலிருந்து குரோவ்ஸ்காயா பக்கம் போகும் மின்ரயிலில் ஏறி கிஜெலில் இறங்கலாம். சாலை வழி என்றால் யெகோரியெவ்ஸ்க் நெடுஞ்சாலை. ஆலைக் கடையில் வாங்க வேண்டும் என்றால் துரிகினோ போங்கள்.

அங்கே போய் எதை வாங்குவது? டீ பாட். கையளவுதான் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். ரஷ்யர்கள் அதில் கெட்டியான டிகாக்‌ஷன் மட்டும் போடுவார்கள். கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, சமோவாரின் வெந்நீரைச் சேர்த்துக் குடிப்பார்கள். நம் ஊர் ஃபில்டர் காபி கணக்குதான்.

விலைக்குத் தகுதியா என்று பார்க்க, அது செய்யப்படும் முறை தெரிந்திருக்க வேண்டும். சீனக்களி, பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் கலந்த குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, சுவரோரம் களி கெட்டியாகப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். மூக்கும் கைப்பிடியும் தனித்தனி அச்சு. பிறகு அதே குழம்பைப் பசையாக வைத்து ஒட்டுவார்கள். காய்ந்ததும் 900 டிகிரி அளவில் முதல் சூடு. ஒருமுறை மட்டும் சுட்ட அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் பிஸ்கட். அதை ஃபுக்‌ஷின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தில் முக்கினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் சாயம் கோடாக இறங்கிக் காட்டிக்கொடுக்கும். நல்லது மட்டும் ஓவியரிடம் போகும். அந்தச் சிவப்பு அடுத்த சூட்டில் எரிந்து போய்விடும்.

ஓவியர் தீட்டுவது நீலத்தில் அல்ல, கறுப்பில். கோபால்ட் ஆக்சைடு சுடுவதற்குமுன் கரி மாதிரி இருக்கும். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் முக்கி 1350 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டாம் முறை சுட்ட பிறகே நீலம் பிறக்கும். எத்தனை துளி நீர் சேர்த்தால் எந்த நீலம் என்பது கைக்கணக்கு. பிஸ்கட் வண்ணத்தை உடனே குடித்துவிடுவதால் அழித்துத் திருத்த வழியில்லை. தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணத்தை ஏற்றி, அழுத்தித் திருப்பினால் ஒரே இழுப்பில் ஓர் ஓரம் அடர்நீலமாகவும் மறு ஓரம் பால்நீலமாகவும் விழும். இதழ் அப்படித்தான் உருள்கிறது. அந்த ரோஜாவுக்கு உள்ளூர்ப் பெயர் அகாஷ்கா. இந்த இழுப்புகளை எழுத்துப் பயிற்சி மாதிரி ஒழுங்குபடுத்தியவர் ஓவியர் நத்தாலியா பெஸ்ஸரபோவா. 1940களின் நடுவில் கலை ஆய்வாளர் அலெக்சாந்தர் சல்திகோவுடன் சேர்ந்து, நலிந்திருந்த தொழிலை அவர் நிமிர்த்தினார். ஆக, நாம் இன்று காணும் நீல ரோஜா பாணி அந்தக் காலத்தில் உருப்பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே செய்த மஜோலிக்கா (கிளேஸ் பூசிய வண்ணச் சுட்டமண்) பச்சை, மஞ்சள், ஊதாப் பழுப்பு என்று பலவண்ணம். நடுவில் ஓட்டை விட்ட வளைய வடிவ க்வாஸ்னிக் ஜாடியை (க்வாஸ் என்ற புளித்த பானத்துக்கானது) மாஸ்கோ வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்தால் கண் பழகிவிடும்.

இனி கடையில். முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள்: ஆலை முத்திரையும் ஓவியரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இதழில் நிறம் அடர்த்தியிலிருந்து வெளிறலுக்கு இறங்காமல் ஒரே சீராக இருந்தால், அல்லது லென்ஸில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால், அது ஒட்டுப்படம். பக்கத்துப் பாத்திரத்தில் அச்சு அசலாக அதே பூ இருந்தாலும் அப்படியே. நகத்தால் தடவினால் பூ தட்டுப்படக் கூடாது. கோபால்ட் கிளேஸுக்கு அடியில் அல்லவா இருக்கிறது. கறுத்து, சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் கோபால்ட் கனமாக ஏறிவிட்டது என்று பொருள். கிளேஸ் ஒதுங்கி வெற்றிடம் தெரிந்தால், பிஸ்கட்டில் தூசியோ விரல் எண்ணெயோ பட்டிருக்கும். சின்னக் கறுப்புப் புள்ளி இரும்புத் துகள்; ஒன்றிரண்டைப் பொறுக்கலாம். கைப்பிடி ஒட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். சூட்டில் பீங்கான் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும், கொஞ்சம் கோணவும் செய்யும். அதனால் மூடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தடுத்தால் பக்கத்துப் பாத்திரத்தின் மூடி மாறி வந்திருக்கலாம். பொன்விளிம்பு வேண்டாம்: மைக்ரோவேவில் வைக்க முடியாது, தேய்க்கத் தேய்க்க மங்கும். நரி, கரடி பொம்மைகளுக்குக் கொடுக்கும் காசில் ஒரே ஒரு அகாஷ்கா பூத்த பாட் எவ்வளவோ மேல்.

மண் பார்க்க வருபவர்கள் கோயிலைத் தவறவிடுவது வழக்கம். இந்த வட்டாரக் குயவர், ஆலைக்காரர்களில், திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்காத பழைய சடங்குமுறை கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். குஸ்னெத்ஸோவ் குடும்பமும் அப்படித்தான். நோவோ-ஹரித்தோனொவோவில் தொடங்கி, 1832இல் தூல்யோவோ ஆலையை நிறுவி, பிறகு ரஷ்யப் பேரரசின் பீங்கான் சந்தையையே கையில் வைத்திருந்தவர்கள். கோயிலில் பலிபீடத்துக்கு முன் நிற்கும், மரத்தில் செய்துவந்த திருச்சித்திரத் தடுப்பைச் சுட்டமண்ணிலும் வார்த்தார்கள். ஈரத்தில் உளுக்காது, மெழுகுவத்திக் கரியை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சிக்கல் சுருக்கத்தில்தான்: நூற்றுக்கணக்கான துண்டுகளும் ஒரே அளவில் சுருங்கினால்தான் தூணும் வளைவும் பொருந்தும். பாரிஸின் 1900 கண்காட்சிக்குப் போன குஸ்னெத்ஸோவ் மஜோலிக்கா தடுப்பு இன்று செக் நாட்டின் மரியான்ஸ்கே லாஸ்னே ஊரில், புனித விளாதிமிர் கோயிலில் நிற்கிறது. கிஜெல் கிராமத்தில் இருப்பது உஸ்பென்ஸ்கி கோயில். பெண்கள் தலையை மூட ஒரு துணி எடுத்துப் போங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் டீ பாட்டுக்குள் நேரே கொதிநீர் ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசி, அதைக் கொட்டிவிட்டுத் தூளைப் போடுங்கள். முதலில் விட்டுப்போவது எப்போதும் மூக்கு ஒட்டிய இடம்தான்.