காஞ்சிபுரம் பல்லி தரிசனத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் அம்மாவின் தலையில் பல்லி விழுந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் தலைக்குக் கலகம் என்று போட்டிருக்க, அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் மனசு ஆறும் என்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

கோயிலுக்கு வெளியே செருப்பு விடும் இடத்திலேயே ஒருவர் பிடித்துக்கொண்டார். பட்டு வேட்டி, நெற்றியில் பளிச்சென்று நாமம். "எந்தப் பக்கம்மா விழுந்தது?" என்றுதான் ஆரம்பித்தார். அம்மா வலது பக்கம் என்றதும் முகத்தைச் சுருக்கி, "வீட்டு ஆம்பளைக்குக் கண்டம், சும்மா தொட்டால் போகாது" என்றார். அப்பாவுக்கு இதய நோய். அம்மா நடுங்கிப் போனார். நான் தடுப்பதற்குள் 3,500 ரூபாய் கைமாறிவிட்டது. கையில் கொடுத்தது ஒரு பித்தளைப் பல்லி. மூலப் பல்லியின் மேல் வைத்து எடுத்ததாம். வயிற்றில் அச்சு வார்த்த பிசிறுகூடத் தேய்க்கப்படாமல் இருந்தது. ரசீது கேட்டதும் கூட்டத்துக்குள் நழுவிவிட்டார்.

உள்ளே அப்படி எந்தத் தனிப் பரிகாரமும் இல்லை. கௌதம முனிவரின் சீடர்கள் இருவர் கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி விழுந்திருந்ததால் சாபம் பெற்றுப் பல்லிகளானார்கள், பெருமாள் அருளால் மீண்டார்கள் என்பது தலபுராணம். அதனால்தான் மேல்விதானத்தில் சூரிய சந்திரரோடு இருக்கும் அந்தப் பல்லிகளைப் படியேறித் தொடுகிறோம். தொட்டுக் கும்பிடுவதுதான் பரிகாரம், அவ்வளவுதான். கட்டணம் ஏதும் இருந்தால் கோயில் கவுண்டரில் சீட்டு கொடுத்து வாங்குவார்கள்.

திரும்பி வரும்போது அதே ஆளை மறுபடி பார்த்தேன். தோளில் பல்லி விழுந்ததாகச் சொன்ன ஒரு பெண்ணிடம் கணவருக்கு ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தோளுக்கும் வெற்றி என்றுதான் பஞ்சாங்கத்தில் இருக்கிறது! அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பணம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொறுமையாகப் பேசினேன். பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிரிழைகள் இருக்கின்றன. சுவரைப் பிடிப்பது அவைதான், பசை எதுவும் கிடையாது. சுவர் நனைந்தாலோ தூசி படிந்தாலோ பிடி விட்டுப்போகும். பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும்போதும், இரண்டு பல்லிகள் சண்டை போடும்போதும் விழும். எங்கள் சமையலறைக் கூரையில் மழைநீர் கசிந்துகொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அம்மா நின்றிருந்தார். நம் வீட்டுப் பல்லிக்கு விஷமும் இல்லை. உணவில் விழுந்தால் கிருமி பரவலாம், அதனால் அதைக் கொட்டிவிட வேண்டும். மேலே விழுந்தால் குளித்தால் போதும்.

நம்பிக்கையோடு போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், எனக்கும் அந்தக் கோயில் ரொம்பப் பிடிக்கும். வயதானவர்களை மட்டும் வாசலில் தனியே விடாதீர்கள். எந்தப் பக்கம் விழுந்தது என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் நேரே உள்ளே போய்விடுங்கள். பணம் கொடுத்துவிட்டவர்கள் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன்.