ரெவிற்றின் வேர்க் பிளேனும் சேவே பொயின்ற்றும்: வன்னி வீடு வரைய எவ்வளவு கைகொடுக்கும்?

கட்டடம் வரையும் மென்பொருளான ரெவிற்றில் ஓட்டுக்கூரை வீடு வரைபவரைச் சுவர் படுத்தாது, கூரைதான் படுத்தும். சுவருக்கும் தூணுக்கும் லெவலை, அதாவது உயர மட்டத்தை, தெரிவுசெய்தால் போதும், அவை தாமாக அங்கே போய் நிற்கும். கைமரமும் சலாகையும் சரிவில் கிடப்பவை. அந்தச் சரிவு எது என்று மென்பொருளுக்குக் காட்டிக்கொடுக்கும் கருவி வேர்க் பிளேன், அதாவது நாம் வரையும் கோடு ஒட்டிக்கொள்ளும் தளம். ரெவிற்றை வாங்கலாமா, பழகலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் இதைத் திறந்து பார்க்கச் சொல்வோம். நன்றாகச் செய்திருக்கிறார்கள். பிழைவிட்டால் வாய் திறந்து சொல்லாத கருவியும் இதுதான்.

முதலில் வீட்டுக்குக் குறுக்கே வெட்டுமுகம் ஒன்றை எடுத்துத் திறக்க வேண்டும். ஆர், பி என்ற இரண்டு எழுத்தையும் தட்டினால், வேர்க் பிளேனாக எடுக்கக்கூடிய வழிகாட்டித் தளத்தைக் கீறும் ரெஃபரன்ஸ் பிளேன் கருவி வரும். சுவர்த்தலையிலிருந்து முகடு வரை கூரைச் சரிவிலேயே ஒரு கோடு இழுத்து, கையோடு அதன் பண்புகளைக் காட்டும் புறொப்பற்றீஸில் ‘கூரை கிழக்கு’ என்பது போல ஒரு பெயர் கொடுக்க வேண்டும். பெயர் வைக்காத தளம் பட்டியலில் வராது. பலர் கருவியில் கோளாறு என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பிறகு முப்பரிமாணக் காட்சிக்குப் போய், வேர்க் பிளேனுக்குரிய செற் பொத்தானை அழுத்தி, அந்தப் பெயரைத் தெரிவுசெய்து, பக்கத்து ஷோ பொத்தானை அழுத்தினால் சரிந்த தளம் நிறத்தோடு தெரியும். அதன் மேல் பீம் சிஸ்டம், அதாவது பீம்களை (மரங்களை) வரிசையாக இடும் கருவி, போட்டு இடைவெளியைக் கொடுத்தால் கைமரங்கள் வரிசையாக விழும்.

இங்கே ஒரு நுட்பம். பீமின் மேல்விளிம்புதான் தளத்தில் ஒட்டும். மென்பொருள் தொடக்கத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆகவே 2க்கு 1 அங்குலச் சலாகையைப் படுக்கையாக அடிப்பதாயின், கைமரத் தளத்துக்கு 25 மில்லிமீட்டர் மேலே, அதற்குச் சமாந்தரமாக இன்னொரு தளம் வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சலாகை கைமரத்துக்குள் புதைந்து கிடக்கும். படத்தில் அது பார்வைக்கு எடுபடாது, தச்சருக்குக் கொடுக்கும் வெட்டுமுகத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

இப்படி வரைந்ததன் பலன், வீட்டுக்காரர் சரிவைக் கூட்டச் சொல்லும்போது தெரியும். வெட்டுமுகத்தில் அந்த ஒரு கோட்டைச் சுழற்றினால் கைமரங்கள் எல்லாம் கூடவே திரும்பும். சுழற்சி மையத்தை மட்டும் சுவர்த்தலைக்கு இழுத்து வைத்துவிட வேண்டும். அது தானாகக் கோட்டின் நடுவில் நிற்பதால், அப்படியே சுழற்றினால் தாவாரம் கீழே இறங்கிவிடும். சிலர் தளம் கீறாமல் கூரையின் முகத்தையே தொட்டு வேர்க் பிளேனாக எடுப்பார்கள். விரைவான வழிதான், ஆனால் கூரையை அழித்து வரையும் நாளில் அதில் தொங்கியவை எல்லாம் பிடி இழக்கும். பெயர் வைத்த தளம் அப்படிக் கைவிடாது.

குறையும் உண்டு. ரெஃபரன்ஸ் பிளேன் தனக்குச் செங்குத்தான காட்சியில் மட்டுமே கோடாகத் தெரியும். வெட்டுமுகத்தில் கீறிய சரிவுத் தளம், மேலிருந்து பார்க்கும் பிளானில் தெரியாது. தொலைந்தது என்று நினைத்து இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று கீறிவைத்த கோப்புகள் ஏராளம். பிழையான தளத்தில் நின்று வரைந்தாலும் தடுக்காது. பிளானில் பார்த்தால் எல்லாம் சரி, முப்பரிமாணத்தில் பார்த்தால் பொருள் வேறொரு உயரத்தில் மிதக்கும். வரைய முன் ஷோவை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதைக் கைப்பழக்கமாக்க வேண்டும்.

கதவு, யன்னல் ஃபமிலி (அளவு மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருள்) செய்பவருக்கு ஒன்று: அளவுகளை ரெஃபரன்ஸ் தளங்களுக்கு இடையே கொடுங்கள், மரச்சட்டத்தின் உருவத்துக்குக் கொடுக்காதீர்கள். முதலில் தளங்கள், பிறகு அளவு, பிறகு அகலத்தை மாற்றித் தளங்கள் ஒழுங்காக நகர்கின்றனவா என்று சோதனை, அதன் பின்தான் உருவம். வரிசை மாறினால், கட்டுப்பாடுகள் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை ஓயாது. சுழலும் கதவு இறக்கைக்குத் தளம் அல்ல, ரெஃபரன்ஸ் லைன் என்ற வழிகாட்டிக் கோடுதான் சரி. அதற்கு முனை உண்டு, முனையைப் பிடித்துச் சுழலும். தளத்துக்கு முனை இல்லை.

இனிக் காணி. நில அளவையாளர் தரும் ஓட்டோகாட் கோப்பு பெரும்பாலும் இலங்கையின் நில அளவை முறையான எஸ்எல்டி 99 ஆள்கூற்றில் இருக்கும். அந்த முறையில் பிதுருதலாகலை மலையில் உள்ள தொடக்கப் புள்ளிக்கே கிழக்கு 500,000, வடக்கு 500,000 மீட்டர். கிளிநொச்சி நகரம் ஏறத்தாழ கிழக்கு 457,000, வடக்கு 763,000. பூச்சியத்திலிருந்து 890 கிலோமீட்டருக்குக் கிட்ட. ரெவிற்றோ தன் உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள்தான் நம்பிக்கையாக வேலை செய்யும். அதற்கு வெளியே கோடுகள் நடுங்கும், ஸ்னாப் (கோடு புள்ளியில் தானாக ஒட்டுவது) பிடிக்காது, சுவர் மூலைகள் சேராது.

ஆகவே கோப்பை இம்போர்ட் செய்யாமல் லிங்க் செய்து, அலகை மீட்டர் என்று நீங்களே தெரிவுசெய்து, நடுவுக்கு நடு என்று வையுங்கள். அலகைத் தானே கண்டுபிடிக்க விட்டால் காணி ஆயிரம் மடங்கு சுருங்கியும் வரலாம். பிறகு மனேஜ் தாவலில் கோர்டினேற்ஸ் பகுதியில், ஒரு புள்ளிக்கு ஆள்கூறு குறிப்பிடும் கட்டளையை எடுத்து, எல்லைக்கல் ஒன்றைத் தொட்டு, வடக்கு, கிழக்கு, உயரம், உண்மை வடக்குக் கோணம் நான்கையும் கொடுங்கள். வீடு மூலப்புள்ளிக்கு அருகிலேயே நிற்கும், எண்கள் மட்டும் அளவைப் படத்தோடு பொருந்தும். அளவைப் படத்தின் ஆள்கூற்றோடு வரைபடத்தை இணைக்கும் புள்ளி சேவே பொயின்ற்; முக்கோண அடையாளத்தில் உள்ள அதை உடனே நகராதபடி பூட்டி (பின் போட்டு) வையுங்கள். கிளிப் போட்ட நிலையில், அதாவது ஆள்கூற்றோடு பிணைந்த நிலையில், அதைத் தவறுதலாக இழுத்தால் முழு ஆள்கூறும் இடம் மாறும். ஒழுங்காக அமைந்ததா என்று அறிய, வேறு இரண்டு எல்லைக்கற்களில், ஆள்கூற்றைக் காட்டும் ஸ்பொட் கோர்டினேற் குறி வைத்து அளவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உயரத்தையும் இதே கவனத்தோடு கொடுக்க வேண்டும். 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காணிகளில் அத்திவார மட்டத்தைக் கண்மதிப்பில் வைக்க முடியாது. லெவலின் ரைப் புறொப்பற்றீஸில் எலிவேஷன் பேஸ் என்பதைச் சேவே பொயின்ற் என்று மாற்றினால், அந்த லெவல் கடல்மட்டத்திலிருந்தான உயரத்தைக் காட்டும். வெள்ளம் நின்ற அடையாளத்தை நில அளவையாளர் அளந்து தந்திருந்தால் அதையும் ஒரு லெவலாகப் போட்டு, வீட்டின் தரை மட்டம் அதற்கு எவ்வளவு மேலே என்று வெட்டுமுகத்திலேயே மேசனுக்குக் காட்டலாம். ரெவிற்றில் எங்கள் பகுதிக்கு மிகவும் பயன்படும் வசதி இதுதான்.

பணம் பற்றி: கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள் கல்வி உரிமத்தை இலவசமாக எடுக்கலாம். ஆனால் காசுக்கு வரையும் வேலைக்கு அது செல்லாது. சந்தா கட்ட முடியாதவருக்கு ஃபிரீகாட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலும் வேலைத் தளத்தைத் தெரிவுசெய்து, ஒரு பொருளாகச் சேமித்து, மறுபடி அழைக்கலாம். ஆனால் தளத்தைத் திருப்பினால் அதில் வரைந்தவை கூடத் திரும்பாது. சரிவை மாற்றும்போது கைமரத்தைத் திரும்ப வரைய வேண்டியதுதான்.