ஓ.எம்.ஆர். பக்கம் வீடு தேடுகிறீர்களா? பி.ஜி., வாடகை, லீஸ்: ஓர் ஒப்பீடு

சென்னை ஓ.எம்.ஆரில் (ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலை) வேலை கிடைத்து வருபவர்கள் முதலில் விசாரிப்பது மாத வாடகையை. அதற்கு முன்பே கேட்க வேண்டியது, காலி செய்யும் நாளில் கைக்கு எவ்வளவு திரும்பி வரும் என்பதை. பெருங்குடியிலிருந்து நாவலூர் வரை பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி), வாடகை வீடு, லீஸ் (மொத்தமாக ஒரு தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது) மூன்றுமே கிடைக்கின்றன. பணம் சிக்கும் இடம் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பி.ஜி.யில் இருவர் தங்கும் அறை, சாப்பாட்டோடு 9,000 ரூபாய். ஒரு படுக்கையறை வீடு 15,000. அதே வீடு லீஸுக்கு 6 லட்சம். உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

நான்கே மாதத்தில் கிளம்ப நேர்ந்தால், பி.ஜி.க்கு 36,000. அட்வான்ஸில் பராமரிப்பு என்று 2,000 பிடித்தாலும் 38,000தான். வாடகை வீட்டுக்கு 60,000. அதோடு புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயிண்டிங் என்று இன்னொரு மாதம். ஆக 90,000, அதாவது மாதம் 22,500. பதினோரு மாதம் இருந்தால் இதே செலவுகள் பரவி, மாதம் 18,000க்குச் சற்றுக் கீழே வரும். இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 9,000கூட ஆகாது. சாப்பாடு, கரன்ட், கேஸ் தனி. ஆறு மாதத்துக்குள் ப்ராஜெக்டோ ஊரோ மாறலாம் என்றால் பி.ஜி.யே சரி.

பி.ஜி.யை நடுப்பகலில் பார்க்காதீர்கள். காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு பாத்ரூமுக்கு எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. ‘ஒரு மாத நோட்டீஸ்’ என்பது சொன்ன நாளிலிருந்தா, அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்தா என்று கேளுங்கள். ஐந்தாம் தேதி சொன்னவரிடம் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துப் பிடிக்கும் இடங்கள் உண்டு. பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

வாடகை வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் அட்வான்ஸில். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் வரம்பு என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அதுவே நிற்கும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரூபாயில் எழுத வையுங்கள். ‘நியாயமான செலவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தொகையை ஓனரே முடிவு செய்வார். ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்து பதிவெண் வாங்குங்கள்.

கரன்ட்டுக்குத் தனி இ.பி. (மின்வாரிய) இணைப்பா, ஓனர் இணைப்பிலிருந்து பிரித்து அளக்கும் சப் மீட்டரா? தனி இணைப்பில் அரசு தரும் இலவச யூனிட்டுகள் உங்களுக்கே கிடைக்கும். சப் மீட்டரில் ஓனர் சொல்லும் ரேட்தான், முதல் யூனிட்டிலிருந்தே. குழாய் முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் போர் தண்ணீர் உப்பு. லாரித் தண்ணீர்ச் செலவு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா என்று கேளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளம் என்றால், 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனை மளிகைக் கடையில் விசாரியுங்கள். புரோக்கரைவிடக் கடைக்காரர் சரியாகச் சொல்வார்.

இனி லீஸ். மாத வாடகையே இல்லை, முழுப் பணமும் திரும்பி வரும் என்பதால் இது கவர்ச்சியாகத் தெரியும். ஓனர் பக்கமிருந்து பாருங்கள். வருடத்துக்கு 1,80,000 வாடகையை விட்டுக்கொடுத்து 6 லட்சம் வாங்குகிறார். அது 30 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். வங்கியில் கடன் கிடைப்பவர் இதைச் செய்வாரா? பல சமயம் உங்கள் பணம் அவருடைய பழைய கடனுக்குப் போய்விடும். அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் உங்களுக்குத் திரும்பும். வீடு வங்கி அடமானத்தில் இருந்து தவணையும் நின்றுபோயிருந்தால், வங்கி ஜப்திக்கு வரும்போது வெளியே நிற்பது நீங்கள்.

இடைத்தரகர் ஒருவர் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதையே உங்களுக்கு லீஸுக்கு விடும் மோசடியும் நடக்கிறது. சில மாதம் வாடகை கட்டிவிட்டு அவர் காணாமல் போவார். லீஸ்தான் என்று முடிவெடுத்தால் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பத்திரம், சொத்து வரி ரசீது, இ.பி. பில் மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். அந்த ஆளை நேரில் பார்த்து, அவர் வங்கிக் கணக்கிலேயே பணம் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதும் என்கிற ஓனரிடம் 6 லட்சத்தைக் கொடுக்காதீர்கள்.

எதுவானாலும், “இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க” என்று அவசரப்படுத்துவார்கள். பல சமயம் அது உண்மைதான். நல்ல வீடு ஓரிரு நாளில் போய்விடும். ஆதார், கம்பெனி ஐ.டி., அட்வான்ஸ் பணம் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு பார்க்கப் போங்கள். வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் டோக்கன் (வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணம்) கொடுக்க வேண்டாம். கொடுத்தால் ஓனர் கணக்குக்கு, எத்தனை நாளில் என்ன காரணத்துக்குத் திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு.