மூணு நாள் என்றார்கள்: சென்னையில் லேபியாபிளாஸ்டி, நாலு வாரம் நைட்டி

லண்டனில் நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். பிறப்புறுப்பின் உள்ளுதடு ஒன்று நீண்டு சீட்டில் உரசி, மாதத்தில் பாதி நாள் புண். அதை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன்தான் லேபியாபிளாஸ்டி. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் கிடைக்காது, தனியாரில் எனக்குக் கட்டுபடியாகவில்லை. நாலு வார லீவில் ஊருக்கு வந்து சென்னையில் செய்துகொண்டேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகில் ஊசி, ஒரு மணி நேரம், மறுநாள் டிஸ்சார்ஜ். மாதவிடாய் முடிந்த கையோடு தேதி குறித்தது டாக்டரின் புத்திசாலித்தனம். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைப் பார்த்த பிறகுதான் அழகு சிகிச்சைக்கு வரிவிலக்கு கிடையாது என்பது உறைத்தது.

லண்டனிலிருந்து போனில் பேசியபோது, "மூணே நாள்ல நார்மல் ஆயிடுவீங்க மேடம்" என்றிருந்தார் ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர். அந்த மூன்றாம் நாள்தான் இருப்பதிலேயே மோசம். வீக்கம் அப்போதுதான் உச்சத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு, எல்லாம் கருநீலம். "இப்போ தெரியறது வடிவம் இல்லம்மா, வீக்கம். ஆறு வாரத்துக்குக் கண்ணாடிய எடுக்காத" என்று வார்டு சிஸ்டர் சொல்லித்தான் அனுப்பினார். எடுத்தேன், அழுதேன்.

சிறுநீர் போகும்போது எரியும். தண்ணீர் பாட்டில் மூடியில் நாலு ஓட்டை போட்டு, வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் பாதியாகிறது. அப்புறம் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். டாய்லெட் பைப்பின் வேகம் தையலுக்கு ஆகாது. அக்கா வீட்டில் இந்தியன் டாய்லெட், குந்தவே முடியவில்லை. இரண்டாம் நாளே தம்பி வீட்டுக்கு மாறினேன். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம், இடுப்புக்குக் கீழே தலையணை, உள்ளாடை இல்லாமல் நைட்டி. இதற்கு நைட்டியை மிஞ்சிய உடை உலகத்தில் இல்லை.

அம்மாவிடம் "சின்னக் கட்டி" என்று மட்டும் சொல்லியிருந்தேன். உடனே பத்தியம்: கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது. தையலுக்கும் கத்தரிக்காய்க்கும் சம்பந்தமில்லை என்று வாதாடவில்லை. ஏனென்றால் கூடவே வந்த கீரையும் வாழைத்தண்டும்தான் என்னைக் காப்பாற்றின. வலி மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும், முக்கினால் தையல் இழுக்கும்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஒரு தையல் விட்டுப்போனது. ஒருங்கிணைப்பாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் திங்கட்கிழமைதான் வந்தது. நல்லவேளை, வார்டு நம்பரைக் குறித்து வைத்திருந்தேன். காய்ச்சல், துர்நாற்றம், பேடு நனைய ரத்தம், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது, இதெல்லாம் இருக்கிறதா என்று சிஸ்டர் வரிசையாகக் கேட்டார். ஒன்றாவது இருந்தால் ராத்திரியானாலும் கிளம்பி வரச் சொன்னார். எனக்கு எதுவும் இல்லை. திங்கட்கிழமை பார்த்த டாக்டர், சின்னப் பிரிவுதான், தானே சேர்ந்துவிடும் என்றார். சேர்ந்தது.

மூன்றாவது வாரம் தையல் கரையும்போது வந்த அரிப்பைப் பற்றி மட்டும் யாருமே முன்னால் சொல்லவில்லை. வலியைவிட அதுதான் பாடாய்ப்படுத்தியது.

இருபத்தாறாம் நாள் விமானம். நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்கி, மணிக்கொரு தரம் எழுந்து நடந்தேன். அதற்கு முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்க என்னால் முடிந்திருக்காது. உடலுறவு, டாம்பன், சைக்கிள் மூன்றுக்கும் ஆறு வாரம் தடை. ஏழாவது வாரம் சைக்கிளை எடுத்து, தெருமுனை வரை மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பினேன்.