தெரு நூலகத்துக்கு ஓட்டு வீடா, தளம் போட்ட கட்டடமா?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில் நூலகத்துக்கு இடம் தேடியபோது, வாசகர் வட்டத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன: பூட்டிக் கிடந்த பழைய ஓட்டு வீட்டைச் செப்பனிடுவது, அல்லது அதை இடித்துவிட்டுத் தளம் போட்ட புதுக் கட்டடம் எழுப்புவது. ஓட்டு வீட்டையே தேர்ந்தோம். இரண்டு மழைக்காலங்கள் கழிந்த பிறகும் அது சரியென்றே நினைக்கிறேன்.

முற்றம் தரும் காற்றும் வெளிச்சமும் எல்லோரும் அறிந்தவை. திண்ணையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: நூலகம் பூட்டியிருக்கும் நேரத்திலும் அது திறந்தே இருப்பதால், காலையில் நாளிதழ் படிக்கும் பெரியவர்களும் மாலையில் பள்ளிப் பிள்ளைகளும் யாரையும் கேளாமல் வந்து அமர்கிறார்கள்.

ஆனால் என்னை ஓட்டு வீட்டின் பக்கம் உறுதியாக நிறுத்தியது பராமரிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும் டெல்டாவில் புத்தகத்துக்கு முதற்பகை ஈரம். ஓட்டுக் கூரை ஒழுகினால் உடைந்த ஓடு எதுவென்று உள்ளிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும். மழை விட்டதும் உள்ளூர்க் கொத்தனார் ஏணி வைத்து ஏறி மாற்றிவிடுவார். தளத்திலோ நீர் ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் கசியும். அது கண்ணில் படுவதற்குள் உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் காங்கிரீட்டையே பெயர்த்துவிடக்கூடும். மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம் என்று நடப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். சிறு நூலகத்தின் கையிருப்பில் ஓடு வாங்கப் பணமிருக்கும், தளத்தைச் சீரமைக்க இருக்காது. சுவருக்கும் இதே கணக்குத்தான்: சுண்ணாம்புக் காரை உறிஞ்சிய ஈரத்தைக் கோடையில் வெளியே விட்டுவிடும். ஒரு சுவரில் அதன்மேல் சிமெண்ட் பூசியது எங்கள் தவறு. அங்கேதான் உப்புப் பூத்தது, அலமாரியை ஒரு சாண் தள்ளிவைக்க நேர்ந்தது.

தளம் போட்ட கட்டடத்தில் மாடி எடுக்கலாம், சூரிய மின்தகடு பதிப்பதும் எளிது. சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் ஐந்தாவது, நூலகத்தை வளரும் உயிரி என்கிறது; எங்களுக்கு வளரக் கொல்லைப்புறம் மட்டுமே உண்டு. கரையானுக்காக விட்டத்தையும் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களையும் அடிக்கடி தட்டிப் பார்க்கவும் வேண்டும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜாவைப் போன்ற புயலை, நூலகமான பின் இக்கூரை இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே கடலோர ஊர்களுக்கு இதையே பரிந்துரைக்கத் துணியமாட்டேன். புயலன்று மக்கள் ஒதுங்கவும் இடம் வேண்டியிருக்கும் அங்கே, உயர்த்திய அடித்தளத்தில் தளம் போட்ட கட்டடமே பொருந்தும், முகப்பில் ஒரு திண்ணையை மட்டும் வரைபடத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.