பெட்டி ஆமைகள் ஐந்தை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனேன்: டர்பன் பராமரிப்பு இல்லம் எப்படி?

தை மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்கு மதுரை போகவேண்டி வந்தது. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அது உச்சக் கோடை. பெட்டி ஆமைகள் (ஓட்டைப் பெட்டி போல மூடிக்கொள்ளும் சிறிய ஆமைகள்) நன்றாகத் தின்று திரிகிற காலம், அதனால் வேலையும் அப்போதுதான் அதிகம். நான் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. குவீன்ஸ்பர்க் பக்கம் ஊர்வனவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில் ஐந்தையும் விட்டேன். ஒரு ஆமைக்கு ஒரு நாளைக்கு 60 ராண்ட்.

அதிகம் என்று தோன்றுகிறவர்களுக்காக வேலையைச் சொல்கிறேன். ஒரே ஒரு ஆமை என்றால் பெரிய சிரமம் இல்லை. கூடினால்தான் கணக்கு மாறும். ஆண்கள் இரண்டையும் சேர்த்து விட்டால் கடித்துக்கொள்ளும். பெண்களோடு ஓர் ஆணை நிரந்தரமாக விட்டாலோ பெண்களுக்கு நிம்மதியே இருக்காது. ஆக எனக்கு மூன்று அடைப்புகள். தண்ணீர்த் தட்டில் இறங்கி அதிலேயே கழியும், தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். மண் காயாமல் தெளிக்க வேண்டும். மண்புழு, நத்தை, காளான், பப்பாளி, கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். தோட்டத்து நத்தையை நம்பிப் பொறுக்க முடியாது, அக்கம்பக்கத்தில் யார் நத்தை மருந்து போட்டார்களோ! அதனால் நத்தையையும் நானே வளர்க்கிறேன். பெண்களில் பெரியவள் மற்றவர்களின் பங்கையும் தின்றுவிடுவாள், தனித்தனியே வைத்து முடிக்கும் வரை கூடவே நிற்க வேண்டும். சாயங்காலம் சருகுக்குள் புதைந்தவற்றைத் தேடி எண்ணி, குரங்கு வராமல் மூடியைப் பூட்ட வேண்டும். ஐந்துக்கும் தனித்தனியாக இதைச் செய்கிற இடம்தான் எனக்கு வேண்டும்.

அந்த வீட்டு அம்மா முதலில் கேட்டது காகிதங்களை. இவை வட அமெரிக்க இனம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருப்பவை. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளும் இடத்தை நான் நம்பமாட்டேன். அப்புறம் மருத்துவரிடம் எடுத்த மலப் பரிசோதனை அறிக்கை. மற்றவர்களின் ஆமைகளோடு என் ஆமைகளைச் சேர்க்கவில்லை, தீனி கொடுக்கும் இடுக்கி கூடத் தனி. உள்ளறையில் வைப்பதால், ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி ட்யூப் போட்டிருக்கிறார், கண்ணாடி ஜன்னல் வெயிலில் அந்தக் கதிர் கிடைக்காது. ட்யூப் எரிந்துகொண்டே இருந்தாலும் மாதங்கள் போகப் போகக் கதிர் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு ட்யூபிலும் மாட்டிய தேதியை எழுதி ஒட்டியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

கல்யாண வேலைக்கு நடுவே ஒரு நாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். நடுப்பெண் சாயங்காலமானால் மூலையைத் தோண்டுகிறாள், ஈர மண்ணும் மணலும் கலந்து ஆழமாக ஒரு தொட்டி வைக்கிறேன் என்றார். நான்கு முட்டை இட்டாள். பெண் பெட்டி ஆமை ஆணோடு சேர்ந்து சில வருடம் கழித்தும் முட்டையிடும். தோண்ட இடம் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. முட்டைகளைப் புரட்டாமல், மேல்புறம் பென்சிலால் குறியிட்டு எடுத்து வைத்திருந்தார். இந்தக் கவனத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

குறை ஒன்று உண்டு. வார நாட்களில் ஐந்துக்கும் தனித்தனிப் படம் வரும். சனி, ஞாயிறுகளில் தீனித் தட்டின் படம் ஒன்று மட்டும். வீட்டுக்கு வந்து எடை போட்டால் நால்வர் சரியாக இருந்தார்கள், சின்னவள் மட்டும் 410 கிராமிலிருந்து 385க்கு இறங்கியிருந்தாள். கேட்டபோது, வார இறுதியில் வரும் பையன் பெண்கள் மூவருக்கும் ஒரே தட்டில் போட்டிருக்கிறான் என்று மறைக்காமல் சொன்னார். மறைக்காதது நல்லதுதான். ஆனால் தனித் தீனிக்குத்தானே ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தேன்?

ஐந்து மதிப்பெண்ணுக்கு நான்கு தருகிறேன், மறுபடியும் அங்கேதான் விடுவேன். ஒரு ஆமை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் விடலாம். மூன்று, நான்கு என்றால் ஒவ்வொன்றின் எடையையும் ஓட்டின் படத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள், ஓட்டுக் கோலம் ஒன்றுக்கு ஒன்று மாறும் என்பதால் குழப்பம் வராது. வார இறுதியில் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு இடம் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது, அக்டோபரிலேயே சொல்லிவைப்பது நல்லது.