மேல் வயிற்று வலி: அல்சரா, பித்தப்பைக் கல்லா?

மேல் வயிறு அடிக்கடி வலித்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர், கேஸ். மெடிக்கல் ஷாப்பில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை ஒரு அட்டை வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அங்கே வலிப்பது அல்சராகவும் இருக்கலாம், பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். எங்கே வலிக்கிறது என்பதைவிட எப்போது வலிக்கிறது என்று கவனித்தால் பாதி விவரம் தெரிந்துவிடும்.

அல்சர் வலியில் எரிச்சல் இருக்கும். புண் முன்சிறுகுடலில் என்றால் பசி நேரத்தில் வலிக்கும், நடுராத்திரியில் எழுப்பிவிடும். ரெண்டு பிஸ்கட் உள்ளே போனால் கொஞ்சம் அடங்கும். இரைப்பையிலேயே புண் என்றால் சாப்பிட்ட பிறகு வலி கூடலாம். பழியெல்லாம் மிளகாய்மேல் விழுகிறது. காரம் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, இல்லையென்றால் மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான பேரி மார்ஷல், அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டவர்! கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கோர்ஸை முழுசாக முடிக்க வேண்டும்.

கல் வலி வேறு ரகம். பிரியாணி, பரோட்டா என்று கொழுப்பாகச் சாப்பிட்ட பிறகு, வலது விலாவுக்குக் கீழேயோ நடுவிலோ பிடிக்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரம்வரை விடாது. வலது தோள்பட்டைக்குப் பின்னால் பரவும், குமட்டும். ஏப்பம் விட்டாலும் ஜெலுசில் குடித்தாலும் குறையாது. அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது.

சோதனையும் வேறு. கல்லை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிவிடும்; அல்சருக்கு, வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிதான். ‘ஸ்கேன் நார்மல்’ என்று அல்சரைத் தள்ளிவிட முடியாது. ஸ்கேனில் கல் தெரிந்தாலும் வலிக்கு அதுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டவும் கூடாது.

வலி திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ தள்ளிப்போட வேண்டாம். மலம் தார் போலக் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், கண் மஞ்சளானால், காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால், வயிறு கல்லாக இறுகினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், போடுகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள்.)

வலியோடு வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, தாடையோ இடது கையோ இழுத்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சே வலிக்காமலும் வரும். சோடா குடித்துப் பார்க்கிற நேரம் அல்ல அது, 108-ஐக் கூப்பிடுங்கள்.